வேகத்துக்கு விலாசம் தந்த கரிவர்தன்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். காமராசருக்கு ஒருத்தர், விசுவேசுவரய்யாவுக்கு ஒருத்தர், கலாமுக்கு ரெண்டு பேர் என்று ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் எஸ். கரிவர்தன் என்றதும், யாருப்பா அது என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் ஆட்டோமொபைல் பிரிவு! அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும் முன்னால், என்னைப் பற்றியும் ஒரு பழைய மாருதி 800 பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாவ மன்னிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கள் 'சாதனை'

என் வகுப்பு நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அவங்க அப்பாவும் இந்த மலரைப் படிப்பார்) வீட்டில் சும்மா நின்ற மாருதி 800-ஐக் கேட்டு வாங்கினான். 1983-ல் வெளிவந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை நம் எல்லாருக்கும் தெரியும். மூன்று சிலிண்டர், 796 சி.சி., 37 எச்.பி. அளவுக்குச் சக்தி, எடை ஏறக்குறைய 650 கிலோ. மாருதி எஸ்டீமின் என்ஜினோ நான்கு சிலிண்டர், 1298 சி.சி., தொடக்கத்தில் வந்ததே 65 எச்.பி. சின்ன உடம்பில் பெரிய இதயம் வைத்தால் வண்டி பறக்கும் அல்லவா? புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்து ஒரு பழைய எஸ்டீம் என்ஜினைக் கியர்பாக்ஸோடு தூக்கிக்கொண்டு வந்தோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்க சித்தப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் எங்கள் ஆராய்ச்சிக்கூடம். என்ஜின் மவுண்டுக்குப் படம் வரைந்தவன் நான். வெல்டிங் பிடித்தவனும் நான். டிரைவ் ஷாஃப்ட் ஒத்துவரவில்லை, மாற்றினோம். ரேடியேட்டர் இடித்தது, தள்ளி வைத்தோம். ஆறாவது வாரம் சாவியைத் திருப்பியதும் அது உறுமிய உறுமலில் சித்தப்பாவே கைதட்டினார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. ஆவடி-பூந்தமல்லி சாலை காலியாக இருந்தது. நண்பன் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில். கியர் மாற்ற மாற்ற முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. ஒரு பால்கார அண்ணன் சைக்கிளில் குறுக்கே வந்தார். நண்பன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை! ஒடித்துத் திருப்பியதில் நடுச்சுவரில் போய் மோதியது. பால்கார அண்ணன் தப்பினார். அவரேதான் எங்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நண்பனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையால் பிராக்டிகல் எழுத முடியாமல் அவனுக்கு ஒரு செமஸ்டர் போனது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

துறைத் தலைவர் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். திட்டவில்லை. என்ஜினை மாற்றினீர்களே, பிரேக்கில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிரேக் பழைய 800-இன் பிரேக்தான்! அப்போது அவர் சொன்ன பெயர்தான் கரிவர்தன். இதே மாருதி 800 என்ஜினை வைத்து நாட்டுக்கே வேகம் கற்றுக்கொடுத்தவர் அவர், போய்ப் படி என்று அனுப்பினார்.

கோவையில் பிறந்த வேகம்

சுந்தரம் கரிவர்தன் 1954-ல் பிறந்தவர். கோவையின் புகழ்பெற்ற லட்சுமி மில்ஸ் குடும்பம். நண்பர்கள் அவரைச் சுருக்கமாகக் கரி என்பார்கள். நூற்பாலையும் பஞ்சும் பரம்பரைத் தொழில். நினைத்திருந்தால் குளுகுளு அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் பிறந்த ஊர் அப்படிப்பட்ட ஊர் இல்லையே! பம்பு செட்டும் மோட்டாரும் வார்ப்படமும் தெருவுக்குத் தெரு செய்கிற ஊர். ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்ற ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர். அந்த மண்ணின் குணம் கரிவர்தனையும் விடவில்லை. இயந்திரத்தைக் கண்டால் கழற்றிப் பார்க்கத் தோன்றும் கை அவருடையது.

அவருடைய இளமைக்காலத்தில் தென்னாட்டில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சைக்கிளிலும் லாரியிலும் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்த கதையை ஒரு மணி நேரம் சொல்வார்கள். அந்த ஓடுதளத்தில் தானே ஓட்டிப் பெயர் வாங்கியவர் கரிவர்தன்.

ஓட்டுவதோடு நின்றிருந்தால் அவர் பெயரும் பழைய கோப்பைகளோடு சேர்ந்து துருப்பிடித்திருக்கும். அவர் கண்ணில் பட்டது வேறு ஒன்று. அன்றைக்குப் பந்தயத்துக்கென்றே கட்டிய கார் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இறக்குமதி வரியோ தலையைச் சுற்றும். அது கிடைக்காதவர்கள் ஃபியட், ஹெரால்டு மாதிரியான தெருவில் ஓடும் கார்களையே முறுக்கேற்றி ஓட்டினார்கள். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பந்தயம், மற்றவனுக்கு வேடிக்கை. இதுதான் நிலைமை.

என்ஜின் இடம் மாறியது

1983-க்குப் பிறகு ஊரெல்லாம் மாருதி 800. என்ஜின் மலிவு, உதிரிப் பாகம் மூலைக்கு மூலை கிடைக்கும், பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் உண்டு. கரிவர்தன் அந்த என்ஜினையே பிடித்துக்கொண்டார். 1988-ல் அவர் வடிவமைத்துக் கொண்டுவந்ததுதான் ஃபார்முலா மாருதி.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நாங்கள் செய்தது சின்ன வண்டியில் பெரிய என்ஜின். அவர் செய்ததோ இதற்கு நேர் எதிர். என்ஜினை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் தூக்கி எறிந்தார்! கூரை இல்லை, கதவு இல்லை, பின் சீட்டு இல்லை. இரும்புக் குழாய்களை இணைத்த சட்டம், ஒரே ஒரு ஓட்டுநர் இருக்கை, அவர் முதுகுக்குப் பின்னால் என்ஜின். முன் சக்கரங்களை இழுத்துக்கொண்டிருந்த 796 சி.சி. என்ஜின் இப்போது பின் சக்கரங்களைத் தள்ளியது.

நம்ம பாடப்புத்தகக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 650 கிலோ வண்டிக்கு 37 எச்.பி. என்றால் ஒரு எச்.பி. ஏறக்குறைய பதினேழரை கிலோவைச் சுமக்கிறது. அதே என்ஜினை 450 கிலோ வண்டியில் வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்.பி.க்குப் பன்னிரண்டு கிலோ சொச்சம்தான். பழைய உடம்பிலேயே இந்த விகிதம் வேண்டுமானால் 53 எச்.பி. தேவைப்படும். அதாவது என்ஜினைத் தொடாமலே பதினாறு எச்.பி. சம்பாதித்தாயிற்று! அதுமட்டுமா? எடை குறைந்தால் திருப்பத்தில் வண்டி பிடிமானமாகத் திரும்பும், பிரேக் மிதித்தால் சீக்கிரம் நிற்கும். எச்.பி.யைக் கூட்டினால் ஓடுவது மட்டும்தான் கூடும். எடையைக் குறைத்தால் ஓட்டம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் கூடும். மணிக்கு 60 கி.மீ.யில் போவதை 90 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. முதலாம் ஆண்டிலேயே படித்த சூத்திரம்தான். பரீட்சையில் எழுதினேன், பட்டறையில் மறந்துபோனேன்.

பெரிய என்ஜின் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் ஜான் கூப்பர் என்று ஒருவர் இருந்தார். 848 சி.சி. இருந்த மினி காரை வைத்து 1961-ல் 997 சி.சி. மினி கூப்பர் வந்தது. 34 எச்.பி. 55 ஆனது. கூடவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1964-ல் அந்தக் குடும்பத்துக் கார் மான்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய கார்களை முந்தி ஜெயித்தது. அதே கூப்பர் 1946-ல் தன் அப்பாவோடு சேர்ந்து முதல் பந்தயக் காரைக் கட்டியபோது மோட்டார் சைக்கிள் என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார். கிடைப்பதை வைத்துப் புத்தியால் வேகம் தேடியதில் லண்டன் பக்கத்துப் பட்டறையும் கோவைப் பட்டறையும் ஒரே ஜாதிதான்.

விதைத்தவர் அறுக்கவில்லை

ஃபார்முலா மாருதியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். யாரிடம் காசு அதிகம் என்பதைவிட யார் நன்றாக ஓட்டுகிறார் என்பதே கேள்வி ஆனது. 1990-ல் நம் பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் திறக்கப்பட்டது. அந்தத் தளத்தில் ஃபார்முலா மாருதியில் அரங்கேறிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் அங்கே போன சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் பழகியவர்தான். பிறகு அதே வழியில் எஸ்டீம் என்ஜின் பூட்டிய ஒற்றை இருக்கைக் கார்களும் பந்தயத்துக்கு வந்தன. பார்த்தீர்களா, நாங்கள் ஆசைப்பட்ட அதே என்ஜின்! ஆனால் அதற்கென்றே கட்டிய சட்டத்தில், அதற்கென்றே போட்ட தளத்தில்.

இதையெல்லாம் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995 ஆகஸ்டில் கோவையில் நடந்த ஒரு சிறு விமான விபத்தில் அவர் காலமானார். நாற்பதைத் தொட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 2003-ல் கோவை செட்டிபாளையம் அருகே திறக்கப்பட்ட பந்தயத் தளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரை வைத்தார்கள். பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு போட்டி போடும் ஃபார்முலா பாரத் அங்கே நடக்கிறது. அந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு விதி உண்டு. மிதித்தால் நான்கு சக்கரமும் பிடித்து நிற்கிறதா என்று முதலில் பிரேக் சோதனை. அதில் தேறாத வண்டி எவ்வளவு பெரிய என்ஜின் வைத்திருந்தாலும் ஓட முடியாது.

நண்பர்களே! நமக்குக் குடும்ப மில் கிடையாது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் உண்டு, கையில் டிப்ளமா உண்டு. வேகத்தில் ஆசை இருப்பது குற்றம் இல்லை. ஆனால் பதிவுச் சான்றில் இருப்பதை மீறி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தவறு. அதைவிடப் பெரிய தவறு, எதிரே வருகிற பால்காரரைக் கணக்கில் சேர்க்காமல் படம் வரைவது. வேகத்துக்கு ஒரு விலாசம் உண்டு, அது பந்தயத் தளம். அந்த விலாசத்தை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தவர் கரிவர்தன்.

நண்பனின் கை கூடிவிட்டது. எஸ்டீம் என்ஜின் சித்தப்பா பட்டறை மூலையில் கிடக்கிறது. வண்டியில் பழைய 796 சி.சி.யையே திரும்பப் பூட்டிவிட்டோம். இறுதியாண்டுப் பிராஜெக்டுக்கு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்திருக்கும் தலைப்பு என்ன தெரியுமா?

பிரேக்!



மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு