பாட்டுத் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்த இசை மேதை

1892-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி. ஹங்கேரி நாட்டில் டிஸ்ஸா நதிக்கரையில் உள்ள நாட்சோலோஷ் என்ற சிற்றூரில் ஒரு கச்சேரி நடந்தது. பதினோரு வயதுப் பையன் ஒருவன் மேடை ஏறிப் பியானோ வாசித்தான். பெரிய வித்வான்களின் உருப்படி ஒன்றை வாசித்துவிட்டு, தானே அமைத்த இசை ஒன்றையும் வாசித்தான். அது டான்யூப் நதியின் கதை!

நதி மலையில் பிறக்கிறது. ஓடி வருகிறது. ஹங்கேரி எல்லைக்குள் நுழைந்ததும் சந்தோஷப்படுகிறது. புடாபெஸ்ட் நகரம் வந்ததும் துள்ளுகிறது. பிறகு நாட்டை விட்டுப் பிரிகிறபோது துக்கப்படுகிறது. கடைசியில் கருங்கடலில் போய்ச் சேருகிறது. இவ்வளவையும் வார்த்தை இல்லாமல், வெறும் பியானோவில் சொன்னான் பையன். கேட்டவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அந்தப் பையன்தான் பேலா பார்ட்டோக். பிற்காலத்தில் உலகத்தின் தலைசிறந்த இசை மேதைகளில் ஒருவர் என்று புகழ் பெற்றவர்.

தகப்பனார் இறந்தார்

பார்ட்டோக் 1881-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாட்சென்ட்மிக்லோஷ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் விவசாயப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். குழந்தைக்கு அம்மை குத்தியபோது உடம்பெல்லாம் சிரங்கு வந்துவிட்டது. ஐந்து வயது வரை அது ஆறவில்லை. மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட முடியாது. வீட்டுக்குள்ளேயே இருந்து, தாயார் பியானோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான் பையன்.

ஏழு வயதில் தகப்பனார் இறந்துபோனார். இரண்டு குழந்தைகளோடு தாயார் பவுலா திகைத்து நின்றார். ஆனால் கலங்கிப் போய் உட்கார்ந்துவிடவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை வேலைக்குப் போனார். வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்றார். டிஸ்ஸா நதிக்கரையில் சில வருஷம். மலைநாட்டு ஊரில் கொஞ்ச காலம். பிறகு டான்யூப் கரையில் உள்ள பொஷோனி நகரம். மகனுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தது அந்தத் தாயார்தான்.

1899-ல் பார்ட்டோக் புடாபெஸ்ட் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் பியானோ வித்வான் என்று பெயர் எடுத்தார். அதோடு நின்றிருந்தால் நல்ல வித்வான்களில் ஒருவராக இருந்திருப்பார். அவ்வளவுதான்.

வேலைக்காரப் பெண்ணின் பாட்டு

1904-ம் ஆண்டு கோடைக்காலம். வடக்கே ஒரு கிராமத்தில் பார்ட்டோக் தங்கியிருந்தார். அதே வீட்டில் லிடி டோசா என்ற இளம் பெண் வேலை பார்த்தாள். டிரான்சில்வேனியா மலைநாட்டில், கிபேட் என்ற கிராமத்தைச் சேர்ந்தவள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடினாள். ஒரு சிவப்பு ஆப்பிளைப் பற்றிய பாட்டு.

பார்ட்டோக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இப்படி ஒரு மெட்டை அவர் கல்லூரியில் கேட்டதில்லை. கச்சேரியிலும் கேட்டதில்லை. உடனே காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டார். அவளுக்குத் தெரிந்த மற்றப் பாட்டுக்களையும் பாடச் சொல்லிக் கேட்டார்.

அந்தக் காலத்தில் ஹங்கேரி சங்கீதம் என்றால் ஓட்டல்களில் ஜிப்ஸி பிடில்காரர்கள் வாசிக்கும் பாட்டு என்றுதான் நகரத்து ஜனங்கள் நினைத்தார்கள். வெளிநாட்டாரும் அப்படியே நம்பினார்கள். குடியானவன் பாட்டுக்கு மதிப்பே இல்லை. அடுத்த ஆண்டு பார்ட்டோக்குக்கு ஸோல்டான் கோடாய் என்ற நண்பர் கிடைத்தார். அவருக்கும் இதே பைத்தியம்தான்! இருவரும் கிராமங்களைப் பங்கு போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். 1906-ல் இருவரும் சேர்ந்து 20 பாட்டுக்கள் கொண்ட சிறு புத்தகம் வெளியிட்டார்கள். வாங்க ஆள் இல்லை.

மெழுகில் பதிந்த குரல்

இப்பொழுது சட்டைப் பையில் இருக்கும் டெலிபோனிலேயே பாட்டைப் பதிவு செய்துவிடலாம். அப்போது அப்படி இல்லை. எடிசன் கண்டுபிடித்த போனோகிராப் யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதில் மெழுகு உருளை சுழலும். பாடுகிறவர் ஒரு புனலுக்குள் வாயை வைத்துப் பாட வேண்டும். குரல் அதிர அதிர, ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். ஓர் உருளையில் சில நிமிஷப் பாட்டுத்தான் பிடிக்கும்.

ரெயில் போகாத ஊர்களுக்கு மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் இந்தச் சாமான்களோடு போவார் பார்ட்டோக். ஒல்லியான உடம்பு. சங்கோச சுபாவம். அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் முன்பின் தெரியாத கிழவிகளிடம் போய்ப் பாடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பட்டணத்துத் துரை தங்களைக் கேலி செய்கிறார் என்று அவர்கள் நினைப்பார்கள். சிலர் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். சிலர் கோவில் பாட்டையும், பட்டணத்திலிருந்து வந்த புதுப்பாட்டையும் பாடிக் காட்டுவார்கள். அது வேண்டாம், பாட்டி காலத்துப் பாட்டு வேண்டும் என்று இவர் விடாமல் கேட்பார்.

1907-ல் மரோஷ், ஓல்ட் என்ற இரண்டு நதிகள் உற்பத்தியாகும் சீக் மலைப் பகுதிக்குப் போனார். அங்கே கிழவர்கள் பாடிய பாட்டுக்களைக் கேட்டு அசந்துபோனார். பல பாட்டுக்களில் ஐந்தே ஸ்வரங்கள்தான். ஹங்கேரியரின் மிகப் பழைய சங்கீதம் இதுதான் என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு சங்கீதக் கல்லூரியில் பியானோ பேராசிரியர் வேலையும் கிடைத்தது. லீவு விட்டால் போதும், யந்திரத்தோடு கிளம்பிவிடுவார்.

அடுத்த வீட்டாரின் பாட்டு

டிரான்சில்வேனியாவில் ஹங்கேரியக் கிராமத்துக்குப் பக்கத்திலேயே ருமேனியக் கிராமம் இருக்கும். ஒரே ஆற்றில் இரண்டு ஊராரும் தண்ணீர் எடுப்பார்கள். பாஷை வேறு, கோவில் வேறு. அந்தக் காலத்தில் ஆட்சி ஹங்கேரியர் கையில் இருந்தது. படித்த ஹங்கேரியர் பலர் ருமேனியக் குடியானவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பார்ட்டோக் திரும்பிப் பார்த்தார். அதற்காகவே ருமேனிய பாஷையைக் கற்றுக்கொண்டார். 1909-ல் கறுப்பு கோரோஷ் நதிக்கரையில் உள்ள பெலேன்யெஷ் ஊருக்குப் போனார். அங்கே புஷிட்சியா என்ற ருமேனியர் சித்திர ஆசிரியராக இருந்தார். அவர் கிராமத்தாரிடம் அழைத்துப்போய், பயம் தெளியவைத்து, பாட வைத்தார். கடைசி வரை அந்த நட்பு நீடித்தது. அங்கே சேர்த்த பாட்டுக்களை 1913-ல் ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்டில் உள்ள ருமேனிய அகாடமி புத்தகமாக வெளியிட்டது.

அதே 1913-ல் வடக்கே மாராமரோஷ் மலைக் கிராமங்களுக்குப் போனார். தாலாட்டு, ஒப்பாரி, கிறிஸ்துமஸ் சமயத்தில் வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடும் பாட்டு, இடையர்கள் குழலில் வாசிக்கும் மெட்டு என்று ஒன்றையும் விடவில்லை. பாட்டோடு ஊர் பெயர், பாடியவர் பெயர், வயது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 1914-ல் ஹுன்யாத் பக்கத்து ருமேனியக் குடியானவர்கள் சிலரைப் புடாபெஸ்டுக்கே வரவழைத்து, பெரிய மனிதர்கள் முன்னால் மேடையில் பாட வைத்தார்!

இப்படிச் சேர்ந்த ருமேனியப் பாட்டுக்கள் மட்டும் 3,400-க்கு மேல். அவருடைய சொந்த ஜனங்களான ஹங்கேரியரின் பாட்டுக்களைவிட இது அதிகம்.

கோடு விழுந்தது

முதல் உலக மகாயுத்தம் வந்தது. ஹங்கேரி தோற்றது. 1920-ல் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. டிரான்சில்வேனியா ருமேனியாவோடு சேர்ந்தது. பார்ட்டோக் பிறந்த ஊர் ருமேனியாவுக்குப் போயிற்று. டான்யூப் கதையை வாசித்த ஊரும், தாயார் குடியிருந்த பொஷோனியும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின. பெற்ற தாயைப் பார்க்க வேறு நாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஹங்கேரியரின் மனம் புண்ணாகி இருந்த அந்தச் சமயத்தில், ஹுன்யாத் பகுதி ருமேனியப் பாட்டைப் பற்றி பார்ட்டோக் எழுதிய கட்டுரை ஒன்று ஜெர்மன் பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான்! நாட்டைப் பறித்தவனுக்குப் பரிந்து பேசுகிறார், தேசபக்தி இல்லாதவர் என்று சில புடாபெஸ்ட் பத்திரிகைகள் பாய்ந்தன. இதே விஷயத்தை 1914-லேயே ஹங்கேரிய பாஷையில் அவர் வெளியிட்டிருந்தார் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பின்னாளில் ருமேனியாவிலும் ஒருவர் எதிர்ப்புப் பிரசுரம் எழுதினார். இவர் ஹங்கேரிக்கு வக்காலத்து வாங்குகிறார் என்பது அங்கே குற்றச்சாட்டு! இரண்டு பக்கமும் அடி.

பார்ட்டோக் வேலையை விடவில்லை. 1931-ல் ஒரு ருமேனிய அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், யுத்தமும் சண்டையும் எவ்வளவு இருந்தாலும் மக்கள் சகோதரர்களாக வேண்டும் என்பதே தன் சங்கீதத்தின் நோக்கம் என்று தெரிவித்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் ருமேனியக் கிராமப் பாட்டு ஒன்றின் கதையை வைத்து ஒரு பெரிய இசை நாடகம் போன்ற உருப்படியை அமைத்திருந்தார். வேட்டைக்குப் போன ஒன்பது பிள்ளைகள் மான்களாக மாறிவிடுகிறார்கள். தகப்பன் தேடிவந்து அழைக்கிறான். அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தெளிந்த ஊற்று நீரைக் குடித்துக் காட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

அவரும் திரும்பவில்லை

1934-ல் கல்லூரி வேலையை விட்டு, சேர்த்த பாட்டுக்களைத் தரம் பிரிக்கும் வேலையில் முழு நேரமும் உட்கார்ந்தார். மெழுகு உருளைகளை மெதுவாகச் சுழலவிட்டு, குரலின் ஒவ்வொரு அசைவையும் எழுதினார். பல பாட்டுக்களை இரண்டாம் முறையும் எழுதினார். எவ்வளவு பொறுமை பாருங்கள்!

ஹிட்லரின் கொடுமை ஐரோப்பா எங்கும் பரவியது. பார்ட்டோக்குக்கு நாஜிகளைக் கண்டால் ஆகாது. தாயார் இருக்கிறவரை நாட்டை விட்டுப் போக மனம் வரவில்லை. 1939 டிசம்பரில் தாயார் காலமானார். 1940 அக்டோபரில் மனைவி டிட்டாவோடு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். போகுமுன் உயில் எழுதினார். புடாபெஸ்டில் ஹிட்லர், முசோலினி பெயரில் வீதிகள் இருக்கும்வரை தன் பெயரை எந்த வீதிக்கும் வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை.

அமெரிக்காவில் வருமானம் குறைவு. ரத்தப் புற்றுநோய் உடம்பை அரித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபோது, 1943-ல், ஆயிரம் டாலர் சன்மானத்துக்கு ஒரு பெரிய உருப்படி எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். 1944 டிசம்பர் 1-ந் தேதி பாஸ்டன் நகரில் அது அரங்கேறிப் பெரும் வெற்றி அடைந்தது. ருமேனியப் பாட்டுத் தொகுப்பையும் அங்கேதான் முடித்தார். அச்சுப் போட யாரும் முன்வரவில்லை.

1945 செப்டம்பர் 26-ந் தேதி நியூயார்க்கில் உயிர் பிரிந்தது. மனைவிக்காக எழுதிய பியானோ உருப்படியில் கடைசிப் 17 அளவு மட்டும் முற்றுப்பெறாமல் நின்றது. அதை ஒரு நண்பர் முடித்துவைத்தார்.

ருமேனியப் பாட்டுத் தொகுப்பு 1967-லிருந்து 1975-க்குள் ஐந்து பெரிய புத்தகங்களாக ஹாலந்து நாட்டில் வெளிவந்தது. 1988-ல் பார்ட்டோக்கின் சவப்பெட்டியை நியூயார்க்கிலிருந்து கப்பலில் ஏற்றினார்கள். கரை இறங்கியதும் பல நாடுகளைக் கடந்து மோட்டாரில் கொண்டுவந்தார்கள். ஜூலை மாதம், டான்யூப் ஓடும் புடாபெஸ்டில், அரசாங்க மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.