போத்தனூரில் பிறந்த தாயின் மகன்: ஆலன் டூரிங்

கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் போத்தனூர் சந்திப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி நாட்களில் எத்தனையோ முறை அதை ரயிலில் கடந்திருக்கிறேன். பின்னர் முதுகலைப் பொறியியல் படித்தபோது ஒரு பருவம் முழுக்க டூரிங் இயந்திரம் பற்றிப் பாடம் நடந்தது. சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். டூரிங் என்ற மனிதர் யார், என்ன ஆனார் என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்காக வெளிநாடு வந்த பிறகு, உள்ளூர் நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டியபோதுதான் அவருடைய தாயார் பிறந்த ஊர் போத்தனூர் என்று தெரிந்தது.

தாயார் பெயர் ஈதல் சாரா ஸ்டோனி. அவருடைய தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். 1891இல் 'எலெக்ட்ரான்' என்று பெயர் சூட்டிய ஐரிஷ் விஞ்ஞானி ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி அவர்களுக்குத் தூரத்து உறவு. தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். இளையவர் ஆலன், 1912 ஜூன் 23இல் லண்டனில் பிறந்தார்.

பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விட்டுச் சென்றார்கள். பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே சம்பாதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் எவருக்கும் அதன் வலியை விளக்க வேண்டியிருக்காது.

ஷெர்போர்ன் பள்ளியில் ஆலனுக்கு ஒரே நெருங்கிய தோழன் கிறிஸ்டோபர் மார்கம். இருவரும் வானியலும் கணிதமும் பேசிக்கொண்டே இருப்பார்கள். 1930இல் கிறிஸ்டோபர் காசநோயால் திடீரென இறந்துபோனான். இறந்தவனின் மனம் உடலை விட்டு வேறெங்காவது இருக்குமா என்ற கேள்வி ஆலனைப் பல ஆண்டுகள் விடவில்லை. மனதுக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்ற அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

கேம்பிரிட்ஜில் படித்து, 22 வயதிலேயே கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் ஆனார். 1936இல் வந்தது அந்தப் புகழ்பெற்ற கட்டுரை. எந்தக் கணிதக் கூற்றையும் நிரூபிக்க முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும் பொது வழிமுறை உண்டா என்று ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் கேட்டிருந்தார். டூரிங் ஒரு கற்பனை இயந்திரத்தை உருவாக்கினார். கட்டம் போட்ட முடிவில்லாத ஒரு நாடா. ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதும் ஒரு தலை. கையடக்கமான சில விதிகள். அவ்வளவுதான். விதிகளையே நாடாவில் எழுதிக் கொடுத்தால், ஒரே இயந்திரம் மற்ற எல்லா இயந்திரங்களின் வேலையையும் செய்யும் என்று காட்டினார். இன்று நாம் எழுதும் மென்பொருள் எல்லாம் இந்த எண்ணத்தின் வாரிசுகள். கூடவே, எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்றும் நிரூபித்தார். ஹில்பர்ட்டின் கேள்விக்குப் பதில், இல்லை என்பதே.

1939இல் போர் தொடங்கியதும் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்துக்குப் போனார். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தைப் போலந்துக் கணித வல்லுநர்கள் முன்பே உடைத்து, தங்கள் முறைகளைப் பிரிட்டனுக்குத் தந்திருந்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல் டூரிங் புதிய மின் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அட்லாண்டிக் கடலில் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்த நீர்மூழ்கிகளின் சங்கேதத்தைப் பிடிப்பதில் அவருடைய குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதர் விசித்திரமானவர். மகரந்த ஒவ்வாமைக்கு வாயுக் கவசம் அணிந்து சைக்கிளில் வருவார். தேநீர்க் குவளை திருடு போகாமல் இருக்க அதைச் சங்கிலியால் பூட்டி வைப்பார்.

போருக்குப் பின் மின்னணுக் கணினி ஒன்றை வடிவமைத்தார். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1950இல், இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்விக்கு ஒரு சோதனையை முன்வைத்தார். ஆளைப் பார்க்காமல், தட்டச்சில் வரும் பதில்களை மட்டும் வைத்து, எதிரே இருப்பது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்க வேண்டும். செயற்கை அறிவு பற்றிய இன்றைய விவாதங்கள் இன்னும் இந்தக் கட்டுரையைச் சுற்றியே வருகின்றன.

1952இல் வேதியியலுக்குத் தாவினார். இரண்டு ரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, வெவ்வேறு வேகத்தில் பரவினால், சீரான கலவையிலிருந்தே புள்ளிகளும் கோடுகளும் தாமாகத் தோன்றலாம் என்று கணக்கிட்டார். சிறுத்தையின் புள்ளிக்கும் வரிக்குதிரையின் கோட்டுக்கும் இப்படி ஒரு விளக்கம் கிடைக்கலாம். பிரான்சின் போர்தோ நகர வேதியியலாளர்கள் 1990இல் ஒரு ஜெல்லுக்குள் இத்தகைய வடிவங்களை நேரில் உருவாக்கிக் காட்டினார்கள். அதைக் காண அவர் இல்லை.

அதே 1952இல் அவர் வீட்டில் ஒரு திருட்டு நடந்தது. அவரே காவல்துறையிடம் போனார். விசாரணையில், தனக்கு இன்னொரு ஆணுடன் உறவு இருந்ததை மறைக்காமல் சொன்னார். 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சிறையா, ஹார்மோன் சிகிச்சையா என்ற நிலையில் ஓராண்டு ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். அரசின் ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. 1954 ஜூன் 7இல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. படுக்கையருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது. அதை யாரும் பரிசோதிக்கவில்லை. விசாரணையில் தற்கொலை என்று முடிவானது. தாயார் அதை ஏற்கவில்லை. வீட்டிலேயே ரசாயனச் சோதனை செய்யும் மகனுக்குக் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்றே நம்பினார். 1959இல் மகனின் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். போர்க்காலப் பணி அரசு ரகசியமாக இருந்ததால், மகன் செய்த அந்தப் பெரும் சேவை என்னவென்று அறியாமலே ஒரு தாய் அந்த நூலை எழுதி முடித்தார். 1970களில்தான் அந்த ரகசியங்கள் வெளிவரத் தொடங்கின. 1976இல் அவர் காலமானார்.

2009இல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் அச்சாயிற்று.

நாம் இதை வேறொரு நாட்டின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஏகாதிபத்தியம் 1860இல் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை, வயது வந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018இல்தான். விடுதலை பெற்று 71 ஆண்டுகள் அதை நாமும் சுமந்திருக்கிறோம்.

பதில்களை மட்டும் பார், எதிரே இருப்பவரின் உருவத்தைப் பார்க்காதே என்பதுதான் டூரிங் சோதனையின் விதி. அந்தச் சலுகையை இயந்திரத்துக்குக் கொடுக்கச் சொன்னவருக்கு, மனிதர்கள் அதைக் கொடுக்கவில்லை. டூரிங் இயந்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஐந்து நிமிடமாவது இந்த வாழ்க்கையையும் சொல்லலாம். எனக்கு அது பத்தாண்டுகள் தாமதமாகத்தான் கிடைத்தது.