விளக்கும் பதிவேடும்: புளோரன்ஸ் நைட்டிங்கேலை நிந்தவூரிலிருந்து வாசித்தல்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 12ஆம் திகதி சர்வதேச தாதியர் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. வைத்தியசாலைகளில் விளக்கேற்றி, உறுதிமொழி எடுத்து, இரண்டு பேர் உரையாற்றி, தேநீருடன் கலைந்து போவது வழக்கம். நானும் தாதியாகப் பயிற்சி பெற்ற காலத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவள்தான். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரியோடு அந்தப் பெண்மணியின் கதை எங்களுக்கு முடிந்துவிட்டது. ஓய்வுபெற்று நிந்தவூரில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய வாழ்க்கையை முழுதாக வாசித்தேன். விளக்கோடு அவர் நடந்தது இரண்டு வருடங்கள்கூட இல்லை. பதிவேட்டோடும் பேனாவோடும் அவர் போராடியதோ நாற்பது வருடங்களுக்கும் மேல்.

அந்த நாற்பது வருடங்கள்தான் நமக்குத் தேவையானவை என்று நினைக்கிறேன். இந்தக் கரையோரத்தில் படிவம் நிரப்பாத வீடு கிடையாது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோர் பதிவு, நிவாரண அட்டை, சுனாமிக்குப் பிறகு சேத மதிப்பீடு, கொவிட் காலத்தில் தனிமைப்படுத்தல் பட்டியல், இடையிலே போஷாக்கு, டெங்கு, தொற்றாநோய் என்று சுகாதாரக் கணக்கெடுப்புகள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். சொன்னவை எங்கே போயின, அவற்றால் என்ன மாறியது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. அரசாங்கம் எதற்காகக் கணக்கெடுக்க வேண்டும், எடுத்த கணக்கை வைத்து என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியைத் தன் வாழ்நாள் முழுக்க விடாமல் கேட்டவர் நைட்டிங்கேல்.

1820இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். தகப்பனார் வீட்டிலேயே கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தார். பிள்ளைக்குப் பிடித்தது கணிதம். தாதியாகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது தாயும் அக்காவும் கலங்கிப் போனார்கள். அக்காலத்து வைத்தியசாலை வேலை மரியாதையான குடும்பத்துப் பெண் நினைத்தும் பார்க்கக்கூடாத ஒன்று. பல வருட இழுபறிக்குப் பின்னர், 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் பெண்களுக்கான சிறிய வைத்தியசாலை ஒன்றின் பொறுப்பு கிடைத்தது. இதற்கிடையில் ஐரோப்பிய வைத்தியசாலைகளின் அறிக்கைகளைத் தேடித்தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு வந்திருந்தது.

1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் உதுமானியப் பேரரசின் பக்கம் நின்று ரஷ்யாவுக்கு எதிராகக் கிரைமியாவில் போரிட்டன. காயப்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல்லின் எதிர்க்கரையில் ஸ்கூட்டாரி என்ற இடத்திலிருந்த துருக்கியப் படைமுகாம் கட்டடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதுவே வைத்தியசாலை. போர் அமைச்சராக இருந்த நண்பர் சிட்னி ஹேர்பர்ட்டின் வேண்டுகோளின் பேரில், 38 பெண்களுடன் 1854 நவம்பர் 4ஆம் திகதி நைட்டிங்கேல் அங்கு போய்ச் சேர்ந்தார்.

யுத்த கால வைத்தியசாலையில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தை விவரிக்கத் தேவையில்லை. கட்டில் போதாமல் தரையில் கிடத்தப்பட்டவர்கள், பஞ்சும் துணியும் முடிந்துபோன வார்டு, நிரம்பி வழியும் மலசலகூடம். ஸ்கூட்டாரியில் கட்டடத்தின் அடியிலேயே கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. குண்டடிபட்டு வந்தவன் வயிற்றோட்டத்தாலும் கொலராவாலும் காய்ச்சலாலும் செத்தான். 1855 பெப்ரவரியில் அங்கு சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதார ஆணைக்குழு வந்து கால்வாய்களைக் கழுவி, குப்பையை அகற்றி, நீர்வழியைத் துப்புரவாக்கி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. யூன் மாதமாகும்போது இறப்பு நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கிவிட்டது.

அங்கே அவரை உலுக்கிய இன்னொரு விடயம் இருந்தது. இறந்தவர்களின் கணக்கு மூன்று பதிவேடுகளில் எழுதப்பட்டது. மூன்றும் மூன்று எண்ணிக்கையைச் சொல்லின. எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்பதை உறுதியாகச் சொல்ல அந்த இராணுவத்தில் எவராலும் முடியவில்லை. நம் நாட்டில் ஒரு யுத்தம் முடிந்த பிறகு எத்தனை கணக்குகள் வந்தன, எத்தனை கணக்குகள் மறுக்கப்பட்டன என்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையான செய்தி அல்ல. இறந்தவரை எண்ணாமல் விடுவது அவரை இரண்டாவது தடவை புதைப்பதற்குச் சமம். நைட்டிங்கேலுக்கு அது பொறுக்கவில்லை.

1856இல் நாடு திரும்பியபோது ஊர் முழுக்க அவருடைய புகழ் பரவியிருந்தது. அவர் வரவேற்பு எதற்கும் போகவில்லை. நோய்வாய்ப்பட்ட உடம்போடு, பெரும்பாலும் அறைக்குள் இருந்தபடியே, இராணுவத்தின் சுகாதாரம் பற்றி ஆராய அரச ஆணைக்குழு ஒன்றை அமைக்கும்படி அரசாங்கத்தை நெருக்கினார். 1857இல் அது அமைந்தது. பெண் என்பதால் அவர் அதில் உறுப்பினராக முடியாது; தன் சாட்சியத்தை எழுத்தில் கொடுத்தார். புள்ளிவிபர நிபுணர் வில்லியம் ஃபார் துணை நின்றார். ஆரம்பத்தில் பஞ்சமும் பொருட் தட்டுப்பாடும்தான் சிப்பாய்களைக் கொன்றன என்று எண்ணியிருந்தவரின் பார்வை, கணக்குகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது மாறியது. அவர் வரைந்த வட்ட வரைபடத்தில் மாதம் ஒவ்வொன்றும் ஒரு துண்டு. தடுத்திருக்கக்கூடிய நோய்களால் வந்த இறப்பு நீலத்தில், காயத்தால் வந்தது சிவப்பில், ஏனையவை கறுப்பில். பார்த்த மாத்திரத்தில் புரியும்: நீலம் மற்ற நிறங்களை விழுங்கிக் கிடந்தது. அட்டவணையை வாசிக்கப் பொறுமையில்லாத அமைச்சர்களுக்காகவே அவர் அதை வரைந்தார். 1858இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அடுத்து வந்தது குடிசன மதிப்பீடு. 1861இல் இங்கிலாந்தில் எடுக்கப்படவிருந்த கணக்கெடுப்பில் இரண்டு விடயங்களைச் சேர்க்கச் சொன்னார். அன்றைய தினம் வீட்டில் நோயாளிகள் எத்தனை பேர், என்ன நோய் என்பது ஒன்று. மக்கள் வாழும் வீடுகளின் நிலை என்ன என்பது மற்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த வீடு ஆளை நோயாளியாக்குகிறது என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அரசாங்கம் மறுத்தது. சிலவற்றை அரசாங்கங்கள் கேட்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் வேலை செய்ய வேண்டி வரும்.

இதே காலத்தில் அவருடைய படிவம் நம் தீவுக்கும் வந்தது. 1860இல் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஊடாக, பிரித்தானிய ஆட்சியிலிருந்த நாடுகளின் சுதேச மக்களுக்கான பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் நோயும் இறப்பும் எவ்வளவு என்று விபரம் கேட்டார். கனடா, அவுஸ்திரேலியா, ஆபிரிக்காவின் சில பகுதிகள் ஆகியவற்றுடன் இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1863இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இலங்கையின் விபரங்களும் உள்ளன. இத்தீவின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871இல்தான் நடந்தது. அதற்கும் முன்னரே நம் பிள்ளைகளின் நோயைப் பற்றி ஒருவர் இலண்டனிலிருந்து கேட்டிருக்கிறார் என்பதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

வியப்போடு ஒரு நெருடலும் வந்தது. அந்தப் படிவத்துக்குப் பதில் எழுதியவர்கள் அதிகாரிகளும் பாதிரிமாரும். பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரிடம் எவரும் கேட்கவில்லை. இந்தியாவிலும் அப்படித்தான் தொடங்கியது. அங்கிருந்த படையின் சுகாதாரம் பற்றி 1859இல் அமைந்த ஆணைக்குழுவுக்காக நைட்டிங்கேல் கேள்விக்கொத்து தயாரித்து, படைத்தளங்கள் தோறும் அனுப்பினார். பெட்டி பெட்டியாகப் பதில்கள் வந்து குவிந்தன. 1863இல் வெளிவந்த அறிக்கை, ஆயிரம் சிப்பாய்களுக்கு வருடத்தில் 69 பேர் இறந்து வந்தார்கள் என்று காட்டியது. தண்ணீர், வடிகால், நெருக்கடி இவைதான் காரணங்கள். பத்து வருடங்களில் அது ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்தது என்று பின்னர் எழுதினார். ஆனால் அது வெள்ளைக்காரச் சிப்பாயின் கணக்கு. முகாமைச் சுற்றியிருந்த ஊரவரின் கணக்கு அதில் இல்லை.

அதை அவரே உணர்ந்துகொண்டதுதான் அவருடைய பெருமை. ஊர் நோயாளியாக இருக்கும்போது முகாம் மட்டும் சுகமாக இருக்க முடியாது என்று வாதாடத் தொடங்கினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம் அவரைக் குடியானவரின் கடன், நீர்ப்பாசனம், காணிவரி ஆகியவற்றின் பக்கம் திருப்பியது. பூனாவின் சார்வஜனிக் சபை போன்ற மக்கள் அமைப்புகளோடு கடிதத் தொடர்பு வைத்தார். தாதாபாய் நௌரோஜிக்கு ஆதரவாக நின்றார். அவர் ஏகாதிபத்தியத்தை மறுத்தவர் அல்லர். பிரித்தானிய ஆட்சி நல்லதாக நடக்க வேண்டும் என்று நினைத்தவர். அந்தக் குறையோடுதான் அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் காலம் போகப்போக, மேலிருந்து வரும் கட்டளையால் ஊர் துப்புரவாகாது என்பது அவருக்குத் தெளிந்தது. 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களில் பெண்களைப் பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பும் திட்டத்துக்கு வழிகாட்டினார். அவர்கள் அதட்டவும் குற்றம் பிடிக்கவும் கூடாது. தாய்மாரோடு சரிசமமாக இருந்து கதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அதை வாசித்தபோது நம் ஊர்ப் பாதைகளில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போகும் குடும்பநல மாதர்தான் கண்ணுக்குள் வந்தார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியில் வளர்ந்த சேவை அது. இலங்கையில் தாய் சேய் மரணம் இந்தளவுக்குக் குறைந்ததில் அவர்களுடைய கொப்பிகளுக்குப் பெரும் பங்குண்டு. வாசலில் நின்று, பிள்ளையின் நிறையைக் கேட்டு, உம்மாவின் முகம் வாடியிருப்பதையும் கண்டு எழுதுகிறவர்கள். அந்தக் கணக்கை மக்கள் நம்பினார்கள். ஏனென்றால் கேட்டவர் மறுநாளும் வந்தார்.

நம்பிக்கை இல்லாத கணக்கையும் நான் கண்டிருக்கிறேன். இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் நோயாளர் பட்டியல் எழுதிய நாட்களில், வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்று கேட்டால் தாய்மார் வாயைத் திறக்க மாட்டார்கள். தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் அதில் ஒன்றுதான். பெயர் எழுதிய தாள் யார் கையில் போய்ச் சேரும் என்ற பயம். அந்தப் பயத்தினால் காய்ச்சல்காரப் பிள்ளையையும் மறைத்தார்கள். பாதுகாப்புக்கான பதிவும் சுகத்துக்கான பதிவும் ஒரே மேசையில் நடந்தால் சுகாதாரம்தான் தோற்கும்.

கேட்டும் கேளாமல் விட்டதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டபோது, அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. மருத்துவ நிபுணர்கள் சொன்னார்கள். குடும்பங்கள் மன்றாடின. 2021 பெப்ரவரி இறுதி வரை அந்தக் குரல் ஏறவில்லை. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. இடைப்பட்ட காலத்தில் காய்ச்சலை மறைத்து வீட்டுக்குள் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதேபோல, நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியிடம் 2016இல் ஏழாயிரத்துக்கும் அதிகமான கருத்துகள் வந்தன. 2017 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. அதன் பின் அது இறாக்கைக்குப் போய்விட்டது.

நைட்டிங்கேல் 1910 ஓகஸ்ட் 13இல், தொண்ணூறாவது வயதில் இறந்தார். கடைசி வருடங்களில் கண்பார்வை போய்விட்டிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தினர் மறுத்து, அவருடைய ஊர்ப்புறத்திலேயே அடக்கினார்கள். கல்லில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று கேள்விகள். அடுத்த தடவை யாராவது படிவத்தோடு வாசலுக்கு வந்தால் கேளுங்கள்: இது எதற்கு? இதை யார் யார் பார்ப்பார்கள்? முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இவற்றைக் கேட்பது யாருடைய தயவும் அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்களிடமிருந்து எடுத்த டெங்குக் கணக்கையும் போஷாக்குக் கணக்கையும், ஆட்களின் பெயர் இல்லாமல், கிராம சேவகர் பிரிவு வாரியாக ஒரு தாளில் எழுதி மாதந்தோறும் ஒட்டிவிடுங்கள். பள்ளிவாசல் சுவர், கோயில் வாசல், நூலகம் எதுவும் போதும். எந்த வீதியில் பிள்ளைகள் மெலிந்திருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால், ஏன் என்று கேட்க ஊருக்கே வாய் வரும்.