மூடிய கதவைத் திறந்த டாக்டர் ஐடா



வேலூருக்குப் போயிருக்கிறீர்களா? சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் அந்தச் சாலையின் பெயருக்கு உரியவர் யார், அவர் என்ன செய்தார் என்று இந்த வாரம் தெரிந்துகொள்வோமா?

ஐடா சோபியா ஸ்கடர் அமெரிக்கப் பெற்றோரின் மகள். ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில்தான்! ஆம்பூர், வாணியம்பாடி போலவே இன்று தோல் தொழிலுக்குப் பேர்பெற்ற அதே ராணிப்பேட்டை. பிறந்த நாள் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9. அவருடைய அப்பா ஜான் ஸ்கடர் ஒரு மருத்துவர், கிறிஸ்தவ ஊழியர். அதே பெயர் கொண்ட தாத்தாவும் மருத்துவர்தான். அவர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார்.

ஐடாவுக்கு ஆறேழு வயது இருக்கும்போது, தாது வருடப் பஞ்சம் வந்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை. பசியால் வாடி வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கும் வேலை சிறுமி ஐடாவுக்குக் கிடைத்தது. ரொட்டியைக் கையில் எடுத்துத் தின்னக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளை அவர் பார்த்தார். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. ஐடா அங்கே நல்ல பள்ளியில் படித்தார். கலகலப்பான பெண். குறும்பும் அதிகம். இந்தியாவுக்குத் திரும்பவே கூடாது, அமெரிக்காவிலேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வந்ததால், 1890-இல் ஐடா மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். அம்மாவைக் கவனித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இரவு. ஐடா தன் அறையில் இருந்தார். ஓர் அந்தணர் ஓடி வந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அப்பாவை அழைத்துவருகிறேன் என்றார். வந்தவர் மறுத்துவிட்டார். அயல் ஆண் ஒருவர் தன் மனைவியைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை.

சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அவருக்கும் அதே துயரம், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

ஐடா மனம் உடைந்து போனார். பக்கத்திலேயே மருத்துவர் இருந்தும் மூன்று உயிர்கள் போயின. பெண் மருத்துவர் ஒருவர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் அல்லவா? அன்றே முடிவெடுத்தார். பெற்றோரிடம் சென்று, மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருவேன் என்று சொன்னார்.

சரி, படிக்க வேண்டும் என்று நினைத்தால் போதுமா? கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டாமா?

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கு அவ்வளவு அறிவு கிடையாது, மனவலிமை கிடையாது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே நம்பினார்கள். அதனால்தான் பிலடெல்பியா நகரில் 1850-லேயே பெண்களுக்கென்று தனி மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டியிருந்தது. ஐடா 1895-இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அது ஆண்களோடு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா அங்கே மாறிச் சென்று, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐடா கடுமையாக உழைத்தவர்தான். ஆனால் அவருக்கு அப்பாவும் தாத்தாவும் மருத்துவர்கள். நல்ல பள்ளி கிடைத்தது. பெண்களைச் சேர்க்கும் கல்லூரியும் கிடைத்தது. அதே வயதுள்ள ஒரு திண்டிவனத்துப் பெண்ணுக்கு இவற்றில் எது கிடைத்தது? அவளிடம் ஐடாவைவிடக் கூர்மையான அறிவு இருந்திருக்கலாம். அது அவளுக்கே தெரியாமல் போயிருக்கும்.

1900-ஆம் ஆண்டு ஐடா வேலூருக்கு வந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த செல் என்ற செல்வந்தர், மறைந்த தம் மனைவியின் நினைவாக ஒரு மருத்துவமனை கட்டப் பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்தார். ஐடா வந்த ஆண்டே அவருடைய அப்பா இறந்துவிட்டார். வழிகாட்ட ஆளில்லை. வீட்டிலேயே ஒரு சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் பயந்த பெண்கள், பிறகு கூட்டம் கூட்டமாக வந்தனர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் செல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்து மக்களைத் தேடி ஐடாவே போனார். குடியாத்தம் செல்லும் வழியில் மரத்தடிகளில் மக்கள் காத்திருப்பார்கள். வண்டியை நிறுத்தி அங்கேயே மருந்து கொடுப்பார், கட்டுப்போடுவார். முதலில் மாட்டு வண்டி. பிறகு ஒரு சிறிய பிரெஞ்சுக் கார் வந்தது. புகையும் சத்தமுமாக வந்த அந்தக் காரைப் பேய் என்று நினைத்துச் சிலர் ஓடினார்களாம்!

எவ்வளவு உழைத்தாலும் ஐடா ஒருவர்தானே? ஊருக்கு ஊர் பெண் மருத்துவர்கள் வேண்டும். அவர்கள் இந்த மண்ணின் பெண்களாக இருக்க வேண்டும். இதற்கு ஒரே வழி, அவர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுப்பது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது உண்மைதான். ஆனாலும் அங்கே சென்று படித்த தமிழ்ப் பெண்கள் மிகச் சிலரே. முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்துப் பட்டம் பெற்றது 1912-இல். கதவு திறந்திருந்தாலும் வாசல்வரை வந்து சேர எத்தனை தடைகள்! பள்ளிப்படிப்பே கிடையாது. சிறு வயதில் திருமணம். வீட்டைவிட்டுத் தொலைவில் தங்க அனுமதி இல்லை. ஆண்களோடு ஒரே வகுப்பில் உட்கார்வதையும் பலர் ஏற்கவில்லை.

ஆகவே பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஓர் ஆங்கிலேயர். அவருக்கு நம்பிக்கையே இல்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அதிசயம் என்று நினைத்தார். இருந்தாலும் அனுமதி கொடுத்தார்.

1918-ஆம் ஆண்டு பள்ளி தொடங்கியது. விண்ணப்பங்கள் எத்தனை வந்தன தெரியுமா? 151!

ஆனால் ஐடாவின் மகிழ்ச்சியோடு வேதனையும் சேர்ந்தே வந்தது. இருந்த இடமும் பணமும் மிகக் குறைவு. இருபது பேரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் எல்லாரும் தகுதி இல்லாதவர்களா? இல்லை. உட்கார வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கவலைதான் ஐடாவைப் பிற்காலத்தில் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து நிதி திரட்ட வைத்தது.

சேர்ந்த மாணவிகளுக்குப் பாடம் எளிதாக இல்லை. வசதிகள் குறைவு. ஐடாவே வகுப்பும் எடுத்தார், அறுவை சிகிச்சையும் செய்தார், கிராமத்துக்கும் மாணவிகளை அழைத்துப் போனார்.

தேர்வு வந்தது. அது அரசாங்கம் நடத்திய பொதுத் தேர்வு. ஆண்கள் படித்த மருத்துவப் பள்ளிகளின் மாணவர்களும் அதையே எழுதினார்கள். பெண்கள் என்பதற்காகத் தனிக் கேள்வித்தாள் கிடையாது. மதிப்பெண்ணில் சலுகை கிடையாது. ஆண் மாணவர்களிலேயே பெரும்பாலோர் தோற்றுப்போகும் கடினமான தேர்வு அது. வேலூர் மாணவிகள் தோற்றால் வருத்தப்படக் கூடாது என்று அந்த அதிகாரி முன்கூட்டியே எச்சரித்து வைத்திருந்தார்.

முடிவு வந்தது. வேலூர் மாணவிகள் 14 பேரும் தேர்ச்சி! ஒருவர்கூடத் தோற்கவில்லை. 1922-இல் அந்த 14 பேரும் படிப்பை முடித்து மருத்துவர்களாக வெளியே வந்தனர்.

அதுவரை, பெண்களுக்குத் திறமை இல்லை, அதனால்தான் அவர்கள் மருத்துவம் படிப்பதில்லை என்று பலர் சொல்லிவந்தார்கள். உண்மை நேர்மாறானது. வாய்ப்பு இல்லாததால்தான் திறமை வெளியே தெரியவில்லை. சேரும் வாசல் தனியாக இருந்தது. எழுதிய தேர்வு எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது.

ஐடாவுக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. 1930-களின் பிற்பகுதியில் அரசாங்கம் புதிய விதி கொண்டுவந்தது. டிப்ளமா படிப்பு போதாது, பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும். இல்லையேல் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. அதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும். உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். ஏராளமான பணம் வேண்டும். அப்போது ஐடாவுக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அந்த வயதிலும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார்.

உதவி செய்ய முன்வந்த சபைகள் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்றன. பெண்களுக்காகவே நிதி கொடுத்துவந்த பழைய தோழிகள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்கென்று கிடைத்த இடத்தை ஏன் பங்குபோட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஐடா நீண்ட காலம் யோசித்தார். கல்லூரி மூடப்பட்டால் யாருக்குமே இடம் இருக்காது. ஆகவே இருபாலரும் படிப்பதை ஏற்றுக்கொண்டார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தது. அதே 1940-களிலேயே ஆண்களும் சேர்ந்து படிக்கத் தொடங்கினர்.

ஐடா 1946-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் பொறுப்பேற்றார். இந்த மண்ணின் பெண்ணே அந்த நாற்காலியில் அமர்ந்ததைப் பார்க்கும் பேறு ஐடாவுக்குக் கிடைத்தது. 1960-ஆம் ஆண்டு மே மாதம், 89-ஆம் வயதில், கொடைக்கானலில் அவர் காலமானார்.

குழந்தைகளே, ஐடாவின் கதை பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இல் தமிழ்நாட்டு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் மருத்துவம் படிக்கப்போன அரசுப் பள்ளி மாணவர்கள் மிகச் சிலரே. இது சலுகைதானே, மதிப்பெண் அதிகம் வாங்கியவருக்கு அநியாயம் இல்லையா என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மதிப்பெண் உழைத்து வாங்குவது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் இதையும் யோசியுங்கள். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள். பள்ளி விட்டு வந்ததும் தண்ணீர் பிடித்து வைத்து, தம்பிக்குச் சோறு போட்டு, அதன் பிறகுதான் புத்தகத்தை எடுக்கிறாள். இன்னொரு மாணவிக்கு வீட்டில் தனி அறை, இரண்டு டியூஷன், பணம் கட்டிய பயிற்சி வகுப்பு. முதல் மாணவி பத்து மதிப்பெண் குறைவாக வாங்கினால், அவளுக்குத் திறமை குறைவு என்று உடனே சொல்லிவிடலாமா? கல்லூரிக்குள் போனபின் இருவருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு. வேலூர் மாணவிகள் 14 பேரைப்போல அவளும் அங்கே தன்னை நிரூபித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் வகுப்பில் பின்தங்கியிருக்கும் தோழனுக்கோ தோழிக்கோ வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து படிக்கக் கூப்பிடுங்கள். டாக்டர் ஐடா பெரிய கதவைத் திறந்தார். நம்மால் முடிந்த சிறிய கதவை நாமும் திறப்போமே!