விஷத்தை மருந்தாக்கியவர்!

குட்டீஸ்! உங்கள் இடது தோளைப் பாருங்கள். சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறதா? பிறந்தவுடன் உங்களுக்குப் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. அதில் வரும் 'சி' என்ற எழுத்து, ஆல்பர்ட் கால்மெட் என்பவரைக் குறிக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து கண்டவரும் இவர்தான்!

1863ம் ஆண்டு, ஜூலை 12ல், பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார் கால்மெட். கப்பற்படை டாக்டராக வேலை பார்த்தார். 1891ல், வியட்நாமின் சைகோன் நகரில் ஆய்வுக்கூடம் அமைக்க, லூயி பாஸ்டர் இவரை அனுப்பினார். நம் புதுச்சேரியைப் போல, அந்த ஊரும் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது.

அந்த ஆண்டு பெருமழை. வெள்ளம் சூழ்ந்த ஒரு கிராமத்தில், நாகப்பாம்புகள் வீடுகளுக்குள் புகுந்து, 40 பேரைக் கடித்தன. நான்கு பேர் இறந்தனர். அங்கிருந்த ஒருவர், 19 பாம்புகளைப் பிடித்துப் பீப்பாயில் அடைத்தார். அவை கால்மெட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டன. அவற்றின் விஷத்தை ஆராயத் தொடங்கினார் அவர்.

கொல்லும் விஷத்தைத் துளித்துளியாகக் கொடுத்தால், உடம்பு அதை எதிர்க்கப் பழகுமா? முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பழகியது! அந்த ரத்தத்தில் இருந்த எதிர்ப்புச் சக்தி, மற்ற உயிர்களையும் காத்தது. 1894ல் இதை அறிவித்தார். பிறகு, பிரான்சின் லில் நகரில், குதிரைகளின் ரத்தத்திலிருந்து மருந்து தயாரானது.

எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து போதும் என்று நினைத்தார் கால்மெட். அது சரியில்லை. நாகப்பாம்புக்கான மருந்து, கண்ணாடி விரியன் கடிக்குப் பலிக்கவில்லை. அதனால்தான் இன்று நம் நாட்டு மருந்தில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிர்ப்பு இருக்கிறது. புதுச்சேரி பிள்ளைச்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பக்கம் போனால், வடநெம்மேலி வரும். அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978ல் தொடங்கப்பட்டது. மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருவது அவர்கள்தான்.

அடுத்து, கால்நடை மருத்துவர் கமில் குரேனுடன் சேர்ந்து, மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கையில் எடுத்தார். 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தை அடக்கினார்கள். அதுதான் உங்கள் தோளில் போட்ட ஊசி மருந்து! 1933ம் ஆண்டு, அக்டோபர் 29ல் கால்மெட் மறைந்தார்.

விஷத்தில் மருந்து தேடுவது இன்றும் நிற்கவில்லை. தேனீ விஷத்தில் 'மெலிட்டின்' என்ற பொருள் உண்டு. மாடு, குதிரைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரசை, ஆய்வுக்கூடச் சோதனையில் அது முடக்கியது. அளவு மிஞ்சினால் நல்ல செல்களையும் அது கொல்லும் என்பதால், இன்னும் மருந்தாகவில்லை. கால்மெட்டைப் போலப் பொறுமையாக அதை அடக்கப் போவது உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்!

ஒன்றை மறக்காதீர்கள் குட்டீஸ். பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து அங்கேதான் இருக்கிறது!