சவேரியார் மார்பில் சுமந்த செல்வம்

1506-இல் நவார் நாட்டில் பிறந்து, 1542-இல் கோவா வந்தடைந்த புனித சவேரியார், முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே மறைபணியாற்றினார். 1545-இல் நமக்கு அருகிலுள்ள மயிலையில் நான்கு மாதங்கள் தங்கி, புனித தோமையாரின் கல்லறையருகே செபித்தார். பின்னர் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறினார். சபைத் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்தம் பெயர்களைக் கத்தரித்தெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுடன் எப்போதும் உடன் சுமந்தார்.

1552 டிசம்பர் 3-இல், சீனத்தின் வாயிலாகிய சான்சியான் தீவில் உயிர்நீத்தார். அவருடைய திருவுடல் கோவாவிலும், ஞானஸ்நானம் வழங்கிய வலக்கரம் உரோமையிலும் திருப்பண்டங்களாகக் காக்கப்படுகின்றன. அவர் காத்ததோ பெயர்கள் தாங்கிய காகிதத் துண்டுகளை!

நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் பெயர்களே உள்ளன. அவற்றையும், மறைந்த குருக்களின் செபப்புத்தகங்களையும் கறையானுக்கு இரையாக்காமல் காப்பது இந்த யூபிலி ஆண்டில் நம் கடமையன்றோ?