கொல்லிமலையில் ஓர் ஓவியர்

நம் காளப்பநாயக்கன்பட்டியில் நின்று கிழக்கே திரும்பினால் கொல்லிமலை கண்ணை நிறைக்கும். அம்மலையில் ஒரு பாவை உண்டென்று சங்கப் புலவர்கள் பாடினார்கள். காற்றும் மழையும் இடியும் அதன் வனப்பைக் குலைப்பதில்லை. சிரித்தபடியே அது ஆளைக் கொல்லும் என்பர். அதற்கு மனமுமில்லை, பகையுமில்லை. சிறுமியாக இருந்தபோது இதை வெறும் கதையென்றே எண்ணியிருந்தேன். எவெலின் பிராண்டு அம்மையாரின் வரலாற்றை அறிந்த பிறகு அவ்வாறு எண்ண முடியவில்லை.

இதே எண்ணத்தை அமெரிக்க எழுத்தாளர் சிலர் கதைகளாக்கினர். அவர்களுள் ஒருவர் ஸ்டீபன் கிரேன். அவர் சென்ற கப்பல் 1897 ஜனவரியில் ஃபுளோரிடாக் கரைக்கு அப்பால் மூழ்கியது. நால்வர் ஒரு சிறு படகில் ஒரு பகலும் ஓர் இரவும் அலைகளோடு போராடினர். கரையை நெருங்கிய வேளையில் படகு கவிழ்ந்தது. கப்பல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடும் வேலை பார்த்தவர் மட்டும் மாண்டார். கடலுக்கு அவர்மேல் வெறுப்பில்லை; பிழைத்த மூவர்மேல் அன்பும் இல்லை. இதை உட்கருத்தாக வைத்து அவ்வாண்டே கிரேன் ஒரு சிறுகதை எழுதினார். அதே 1897இல் நம் நாட்டில், செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் கண்டார். மலைக்காய்ச்சலுக்குக் காரணம் எந்தத் தேவதையின் கோபமும் அன்று, ஒரு கொசுவின் பசி என்பது அதனால் விளங்கிற்று.

அந்தக் கொசு மிகுந்திருந்த மலைக்குத்தான் எவெலின் வந்து சேர்ந்தார். 1879இல் லண்டனில் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்து, ஓவியம் பயின்றவர். முப்பது வயதைக் கடந்த பின்னர் சமயப் பணிக்காகச் சென்னை வந்தார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டு என்பாரை மணந்தார். மணக்கோலத்திலேயே மழையில் நனைந்தபடி மலையேறினார் என்பர். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இன்று பஸ் ஏறுகிறது. அந்நாளில் நடை, டோலி, குதிரை இவையே கதி.

ஜெஸ்ஸி கட்டடக் கலை கற்றவர். ஓரளவு வைத்தியமும் படித்தவர். இருவரும் வீடு கட்டினர், நோயாளரைப் பார்த்தனர், பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினர். 1918ஆம் ஆண்டையொட்டி உலகையே வாட்டிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. அப்போது உயிர் பிரியும் நிலையிலிருந்த ஒரு பூசாரி தம் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார்.

ஜெஸ்ஸிக்கு இயற்கைமேல் தீராத காதல். கறையான் புற்றையும் சிலந்தி வலையையும் மகன் பாலுக்கு மணிக்கணக்கில் காட்டுவார். 1923இல் பாலும் அவன் தங்கையும் படிப்புக்காக இங்கிலாந்துக்குச் சென்றார்கள். அதன் பின்னர் பறவைகளையும் மரங்களையும் பற்றிக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சல் கண்டது. இது மலேரியா முற்றிய நிலை. இரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீர் கருத்துப்போகும். சில நாட்களில் அவர் மறைந்தார். தந்தி கடலைக் கடந்து உடனே போய்ச் சேர்ந்தது. கப்பலிலே போன கடிதங்களோ அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன. மலையின் அழகை வியந்து எழுதிய தந்தையின் கடிதத்தை, அவர் இறந்த செய்தி தெரிந்தபின் அச்சிறுவன் படித்தான். இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிவதில்லை.

கணவரைப் பறித்த மலையை எவெலின் வெறுத்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் திரும்பி வந்தார். ஓய்வு பெறும் வயது வந்ததும், தம்மை அனுப்பிய சங்கத்திலிருந்து விலகிக்கொண்டார். எழுபதை நெருங்கிய வயதில் தனியாக மலைக்கே குடிபோனார். குதிரையிலே ஊர் ஊராகச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு அவர் மகன்தான். மலையைவிட்டு இறங்கி வாருங்கள் என்ற அவருடைய வேண்டுகோளும் பலிக்கவில்லை.

அந்நாளில் மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. இந்தப் புழு உள்ளவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று நீர் மொள்ளும்போது, புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடித்தவர் உடம்பில் ஓராண்டு வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு நீளமான புழுவாக வெளிவரும். பாவம் செய்தவர், செய்யாதவர் என்று அது பார்ப்பதில்லை. கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, காலை நனைக்காமல் நீர் எடுங்கள் என்று அம்மையார் ஊர்தோறும் சொல்லிக் கொடுத்தார். நோய் பெரிதும் குறைந்தது. இந்தியா முழுவதும் அந்நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில்தான் சான்றளித்தது.

1974 டிசம்பர் 18 அன்று, தம் 95ஆம் வயதில் அவர் காலமானார். கொல்லிமலையின் மேலேயே, கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வூரின் பெயர் வாழவந்தி.